விட்டுவைத்த வெள்ளை: நிலக்காட்சி ஓவியத்தில் உணர்வு பிறக்கும் இடம் பற்றி, ஆரணியாற்றங்கரையிலிருந்து ஓர் ஆய்வு

1. கேள்வி

சித்திரை வெயிலில் பெரியபாளையத்துப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஆரணியாறு ஆறாகத் தெரியாது. மணலாகத்தான் தெரியும். கரையில் வேலிக்காத்தான் புதர், பள்ளத்தில் தேங்கிய நீரில் கோரை, அதற்கப்பால் தென்னையும் நெல்வயலும். ஆந்திரத்தில் மழை வலுத்துப் பிச்சாட்டூர் அணை திறக்கப்படும் ஐப்பசி கார்த்திகையில் இதே இடத்தில் செம்மண் கலங்கிய வெள்ளம் கரை தொட்டு ஓடும். ஆடி பிறந்தால் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் நிறையும். வேப்பஞ்சேலை கட்டிப் பிரார்த்தனை செலுத்துவோரும், பொங்கல் வைக்கும் அடுப்புகளின் புகையுமாகப் பல வாரங்கள் ஊரின் நிறமே மாறியிருக்கும்.

இந்த இடத்தை ஓர் ஓவியர் நீர்வண்ணத்தில் தீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் நன்றாக அமைந்தால், "உணர்ந்து வரைந்திருக்கிறார்" என்போம். அமையாவிட்டால், "அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை" என்போம். இரண்டு தீர்ப்பிலும் நாம் எதைக் குறிப்பிடுகிறோம்? உணர்வு அந்த மணலிலும் தென்னையிலும் உறைந்து கிடக்கிறதா? ஓவியர் மனத்தில் ஏற்கெனவே இருந்ததை நிலத்தின் மேல் ஏற்றிவிட்டாரா? அல்லது வரையும் வேலைக்குள் பிறந்த ஒன்றா அது?

மூன்றாவது விடையே சான்றுகளோடு பொருந்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மண்ணின் மீதான பற்று ஓவியத்துக்கு முதலீடு என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஓவியர்களின் வாழ்வையும் வேலைமுறையையும் பார்த்தால், அந்தப் பற்றின் பெரும்பகுதி திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்ததன் விளைச்சலாகவே இருக்கிறது. இதை நிறுவ, முதலில் இருக்கும் விளக்கங்களையும், பின்னர் பழவேற்காட்டிலிருந்து சென்னை ஓவியப் பள்ளி வரையிலான சான்றுகளையும் எடைபோடலாம்.

2. இருக்கும் விளக்கங்கள்

மேலை மரபில் பரவலாக வேரூன்றிய விளக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கற்பனாவாதத்திலிருந்து வருவது. கலைஞரின் நெஞ்சில் உணர்ச்சி நிரம்புகிறது, நிரம்பியது படைப்பாக வழிகிறது என்பது அதன் சாரம். நிலக்காட்சி இங்கே மனநிலையின் கண்ணாடி. புயல் கோபத்தையும் அந்தி துயரத்தையும் காட்டுகிறது.

இதன் பலவீனத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ரஸ்கின் சுட்டிக்காட்டினார். 'மாடர்ன் பெயின்டர்ஸ்' நூலின் 1856இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில், இயற்கைப் பொருள்களுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வது பார்வையைப் பிறழச் செய்யும் என்று அவர் எச்சரித்தார். அலை கொடியது, மேகம் அழுகிறது என்று சொல்பவர் அலையையும் மேகத்தையும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். எச்சரிக்கை சரியானது. ஆனால் உணர்வையும் உண்மையான பார்வையையும் அது எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துவிடுகிறது.

அந்தப் பிளவை 20ஆம் நூற்றாண்டின் இரு சிந்தனையாளர்கள் வேறு விதமாக அணுகினார்கள். ஜான் டூயி 1934இல் வெளியிட்ட 'ஆர்ட் ஆஸ் எக்ஸ்பீரியன்ஸ்' நூலில், உணர்ச்சியைக் கொட்டித் தீர்ப்பதை வெளிப்பாடு என்று கொள்ளவில்லை. வண்ணம், கல், சொல் என ஏதோ ஒரு பொருளின் தடையோடு மோதி உருமாறும்போதுதான் அது வெளிப்பாடாகிறது. ஆர். ஜி. காலிங்வுட் 1938இல் எழுதிய 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆர்ட்' இன்னும் ஒரு படி சென்றது. தான் உணர்வது இன்னதென்று கலைஞருக்கே முதலில் தெரியாது, செய்து முடிக்கும்போதுதான் தெரிகிறது என்பது அதன் நிலைப்பாடு.

இவ்விரு சிந்தனைகளும் கேள்வியை மனத்திலிருந்து பட்டறைக்கு இடம் மாற்றுகின்றன. ஆயினும் இரண்டிலும் இடம் என்பது பின்புறமே நிற்கிறது. எந்த ஊர், எந்தப் பொழுது, எந்த மரம் என்பவை அவற்றின் கோட்பாட்டுக்குள் வேலை செய்வதில்லை. அவற்றையே அடித்தளமாகக் கொண்ட ஒரு சிந்தனை தமிழில் உண்டு.

3. திணை: பயனும் எல்லையும்

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன. உரிப்பொருள் அங்கே நிகழும் மனநிலை. மருதத்துக்கு வைகறையும் ஊடலும், நெய்தலுக்கு எற்பாடும் இரங்கலும் உரியன.

இந்தப் பகுப்பை உலக வாசகர் முன் வைத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். சேவியர் தனிநாயகம் அடிகள் சங்கப் பாடல்களின் இயற்கையை ஆராய்ந்து எழுதிய நூல் 1966இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்ற பெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏ. கே. ராமானுஜன் தமது குறுந்தொகை மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று பெயரிட்டார். நிலம் மனத்துக்கு வெளியே இருக்கும் அலங்காரமன்று, மனத்தின் இலக்கணமே அதுதான் என்ற புரிதல் இவற்றின் வழியாகப் பரவியது.

ஆரணியாற்றின் போக்கைத் தொடர்ந்தால் இந்தப் பகுப்பு ஏட்டோடு நிற்கவில்லை என்பது தெரியும். ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்து மலைகளில் குறிஞ்சியாகத் தொடங்கி, ஊத்துக்கோட்டையைத் தாண்டிப் பெரியபாளையத்தில் வயல்சூழ்ந்த மருதமாகி, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரியில் நெய்தலாக முடிகிறது ஆறு. ஓர் ஓவியர் இந்த ஒற்றை ஆற்றை மட்டும் பின்தொடர்ந்தே மூன்று நிலங்களை வரைந்துவிடலாம்.

ஓவியத்துக்குத் திணை தரும் பயன் அதன் வரிசையில் இருக்கிறது. முதலில் இடமும் நேரமும், பிறகு அங்குள்ள பொருள்கள், கடைசியில் உணர்வு. களத்தில் அமர்ந்து வரையும் எவரும் இந்த வரிசையில்தான் இயங்குகிறார். எங்கே உட்காருவது, எந்த வெளிச்சத்தில் என்பது முதல் முடிவு. எதை வைப்பது, எதை விடுவது என்பது இரண்டாவது. இவை சரியாக அமைந்தபின் உணர்வு தானாகத் தங்குகிறது. அதைத் தனியே பூசுவதற்கென்று ஒரு வண்ணம் இல்லை.

ஆனால் இந்த ஒப்புமையை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது. திணை கவிதையின் மரபு. சங்க காலத்து நிலக்காட்சி ஓவியம் எதுவும் நம்மிடம் இல்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரையும் மீனும் யானையும் பூப்பறிப்போரும் நிறைந்த பொய்கை ஒன்று உண்டு. பார்வையைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பொய்கைகூடச் சமணச் சமயப் பொருளுக்குள் அமைந்த காட்சியே. நிலத்தை நிலத்துக்காகவே தனித்து வரையும் பழக்கம் இங்கே பிற்காலத்தது. ஆகவே தமிழ் ஓவியர் இயல்பாகவே திணை உணர்வோடு வரைகிறார் என்று சொல்வது ஆய்வாகாது, பெருமிதமே ஆகும். திணை நமக்குத் தருவது விளக்கும் கருவி மட்டும். வரலாற்றுக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

4. வந்து பார்த்தவர்கள்

நிலக்காட்சி ஓவியத்தைக் குறிக்கும் 'லேண்ட்ஸ்கேப்' என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியின் 'லான்ட்ஸ்காப்' என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்குரிய மக்கள் ஆரணியாறு சென்று சேரும் ஏரிக்கரையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது நம் கேள்விக்குக் கிடைத்த அரிய சோதனைக்களம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகத்தின் மையம் அதுவே. அதே நூற்றாண்டில் ஹாலந்தில் யான் வான் கோயனும் (1596–1656) யாக்கப் வான் ரைஸ்டாலும் தம் நாட்டின் தட்டையான ஈர நிலத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். தாழ்ந்த அடிவானம், படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் வானம், நடுவே ஒரு படகு, ஒரு கோபுரம். மலையோ அருவியோ இல்லாத நிலத்திலும் பார்க்க ஏராளம் உண்டு என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஓவியங்கள் அவை.

பழவேற்காடும் அத்தகைய நிலந்தான். ஆழமற்ற ஏரி, தாழ்ந்த கரை, எல்லையற்ற வானம். ஆனால் டச்சுக்காரர் விட்டுச் சென்ற கிழக்குக் கரைச் சித்திரங்களில் பெரும்பாலும் கோட்டையும் கப்பலும் கொடியுமே முன்நிற்கின்றன. நிலத்தின் வடிவம் ஒத்திருந்தும், பார்க்கும் கண்ணின் மரபு ஒன்றாக இருந்தும், இந்த ஏரிக்கு ஒரு ரைஸ்டால் வாய்க்கவில்லை. உணர்வு நிலத்திலேயே உறைந்திருக்கிறது என்ற முதல் விடை இங்கே தடுமாறுகிறது. இங்கே வந்தவர்களின் கண்ணுக்குக் கணக்கும் காவலும் வேலையாக இருந்தன. இந்த நிலத்தின் முன் வெறுமனே அமர்ந்திருக்கும் வேலையை எவரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பின்னர் வந்த ஆங்கில ஓவியர்கள் வரைவதற்கென்றே வந்தார்கள். வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். 'ஓரியன்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சோவியங்கள் இன்றும் நம் கோயில்களுக்கும் மலைகளுக்கும் ஆவணமாக நிற்கின்றன. காட்சியைத் தாளில் விழச்செய்யும் ஒளிப்பெட்டி ஒன்றையும் அவர்கள் கையாண்டனர். அவர்களுடைய உழைப்பையும் துல்லியத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் அந்தப் படங்களில் வெயிலே அயல்நாட்டு வெயிலாக இருக்கிறது. எல்லா ஊர்களுக்கும் ஒரே அமைதி, ஒரே பொன்னிறம். முன்புறத்தில் ஒரு மரம், நடுவில் சிறிய மனிதர்கள், பின்னே கட்டடம் என்ற அமைப்பு இங்கிலாந்திலிருந்தே அவர்களோடு புறப்பட்டு வந்தது.

"வெளியூர்க்காரர் அல்லவா, அதனால்தான்" என்று இதற்கு எளிய காரணம் சொல்லிவிடலாம். அது பிறப்பையே உணர்வாக எடுத்துக்கொள்ளும் விளக்கம். அடுத்து வரும் சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. டேனியல்களின் குறை பிறந்த ஊரில் இல்லை. வரைந்த பெரும்பாலான இடங்களில் அவர்கள் இரண்டாம் முறை அமரும் அளவுக்குத் தங்கவில்லை. ஒரே கோயிலை ஆனியிலும் மார்கழியிலும் பார்த்திருந்தால் அந்தப் பொன்னிறம் உடைந்திருக்கும்.

5. சென்னைப் பள்ளியின் சான்று

1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானபின் களத்தில் அமர்ந்து வரையும் பயிற்சிக்கு அங்கே தனி மதிப்பு உண்டாயிற்று. அவருடைய மாணவரும் பின்னாளில் முதல்வருமான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையில் அவர் பெயர் பெற்றது கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் தீட்டிய நீர்வண்ணங்களால்.

பணிக்கரின் வளர்ச்சி நம் கேள்விக்கு முக்கியமானது. 1963 வாக்கில் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைக்குத் திரும்பினார். அதில் கால்வாய் இல்லை, தென்னை இல்லை. சோதிடக் கட்டங்களும் எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் வரைபட அடையாளங்களும் நிரம்பின. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலில் அவர் முன்னின்று சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். கைவினைப் பொருள்கள் விற்று வந்த வருமானத்தில் நிலம் வாங்கி, கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த கலைஞர்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். நாள்தோறும் கடலைப் பார்த்து வாழ்ந்த அந்தக் கிராமத்தின் புகழ் கடற்காட்சி ஓவியங்களால் வரவில்லை. அருவமும் குறியீடும் உலோகச் சிற்பமுமே அதன் அடையாளம். ஓரிடத்தோடு பிணைப்பு ஏற்பட்டால் அந்த இடத்தின் உருவம் படத்தில் வந்தே தீரும் என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது.

கே. எம். ஆதிமூலத்தின் (1938–2008) பாதை எதிர்த்திசையில் செல்கிறது. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து, சென்னையில் பயின்று, நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தால் முதலில் அறியப்பட்டார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி வரிசையும், சிறுபத்திரிகைகளுக்கும் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் தந்த கோடுகளும் தமிழ் வாசகருக்கு நெருக்கமானவை. பிற்காலத்தில் அவர் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தபோது மனித உருவம் மறைந்து, அடுக்கடுக்கான வண்ணப் பரப்புகள் வந்தன. அவற்றில் மரமோ வீடோ அடையாளம் காண இயலாது. ஆனால் நிலம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். உழுத மண்ணின் மேல் விழும் வெளிச்சமும், தொடுவானம் வெப்பத்தில் கரைவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

கீராம்பூரின் வயல் சென்னைக் கூடத்தில் கித்தானாக மாற ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? பிறந்த மண்ணின் நினைவு மட்டுமே போதுமென்றால் இருபது வயதிலேயே அது வந்திருக்க வேண்டும். இடையில் ஆயிரக்கணக்கான கோடுகள் தேவைப்பட்டன. கோடு கற்றுத்தந்த கண்டிப்பு வண்ணத்துக்கு வந்தபோதுதான், இளமையில் பார்த்திருந்த நிலம் அவருக்கே புலப்படும் வடிவில் திரும்பி வந்தது. காலிங்வுட் சொன்னதற்கு நம் மண்ணில் கிடைக்கும் உறுதியான சான்றுகளில் இதை ஒன்றாகக் கொள்ளலாம்.

6. பார்வை குறுகக் குறுக

உணர்வுப் பிணைப்பைப் பற்றிப் பேசும்போது மனோகர் தேவதாஸைத் (1936–2022) தவிர்த்துவிட்டுச் செல்ல முடியாது. மதுரையில் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் தொழிற்சாலை வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். விழித்திரை நிறமிச் சிதைவு நோயால் அவர் பார்வை ஆண்டுதோறும் குறைந்தது. 1972இல் நேர்ந்த சாலை விபத்தில் மனைவி மஹிமா தோளுக்குக் கீழே இயக்கம் இழந்தார். அந்த வாழ்வுக்கு நடுவே பேனாவும் மையும் கொண்டு மதுரையின் யானைமலையையும் வைகையையும் கோயில் வீதிகளையும் நுணுக்கம் குறையாமல் வரைந்தார். 'கிரீன் வெல் இயர்ஸ்' 1997இலும் 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' 2007இலும் வந்தன. 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவரை மன உறுதிக்கு உதாரணமாக மட்டும் பேசி நிறுத்துவது அவருடைய கலைக்குச் செய்யும் அநீதி. அந்த நோய் பார்வையை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருக்கும். குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் சிறு வட்டமே எஞ்சும். நிலக்காட்சிக்கோ அகலம்தான் உயிர். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரே நேரத்தில் கண்ணில் நிறைவதே அதன் இன்பம். அந்த அகலத்தைக் கண் தர மறுத்தபோது, துண்டு துண்டாகப் பார்த்ததை மனத்தில் இணைத்து முழுமையாக்கும் வேலையைத்தான் அவர் செய்தார். ஒவ்வொரு கோடும் ஒரு நினைவுகூரல். மதுரையின் மேல் அவருக்கிருந்த பாசம் சிறுவயதில் தோன்றியதுதான். ஆனால் யானைமலையின் சரிவை இத்தனை நெருக்கமாக அறிந்தது, அதை இழந்துகொண்டே வரைந்ததால்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அவர் வரைந்தது சென்னையில் அமர்ந்து. அப்படியானால் இடத்தில் இருந்து பார்ப்பது அவசியமில்லை என்றாகாதா? இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிளும் இதே கேள்வியை எழுப்புகிறார். ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பிள்ளையான அவர், 1821இல் காட்சிக்கு வைத்த 'தி ஹே வெய்ன்' உள்ளிட்ட பெரிய கித்தான்களை லண்டனில்தான் தீட்டினார். ஆனால் அதே காலத்தில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களைச் சிறு தாள்களில் தீட்டி, நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் பின்புறத்தில் குறித்துவைத்தார். தொலைவிலிருந்து வரைந்தவர்கள் இருவரும் அருகிலிருந்து பார்த்த உழைப்பின் மேல் நின்றே வரைந்தார்கள். தூரம் வடிகட்டியாக வேலை செய்தது. வடிகட்டுவதற்கு முதலில் நிறைய இருந்தாக வேண்டும்.

7. கரையில் நடக்கும் வேலை

இப்போது மீண்டும் ஆரணியாற்றங்கரைக்கு வரலாம். களத்தில் நீர்வண்ணம் தீட்டுபவர் உண்மையில் என்ன செய்கிறார்?

வெயில் ஏறுமுன் அவர் உட்கார்ந்தாக வேண்டும். சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கே நிழல் சுருங்கத் தொடங்கி, நண்பகலில் வயலும் மணலும் ஒரே வெளுப்பாகிவிடும். நீர்த்த வண்ணத்தின் முதல் பூச்சைப் போட்டுத் தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடும். எனவே வானத்தை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. ஈரக் காற்றில் தாள் காய மறுக்கும். கரையின் பச்சை, நீரின் காவிக்குள் கசிந்து ஓடும். கோடையில் விளிம்புகள் கூர்மையாகவும் மழையில் மங்கலாகவும் வருவது ஓவியரின் மனநிலையால் மட்டுமன்று. பருவமே தூரிகையைப் பிடிக்கிறது. முதற்பொருளாகிய பொழுது படத்துக்குள் நேரடியாக இறங்கும் இடம் இது.

அடுத்தது தேர்வு. கண்ணுக்குத் தெரிவன நூறு, தாளில் நிற்கக்கூடியவை பத்து. மின்கம்பியை வைப்பதா? கோயில் கோபுரத்தைச் சற்று நகர்த்துவதா? கரையில் எரியும் குப்பையின் புகையை விடுவதா? அழகு கருதி விடுபவரும் உண்டு, உண்மை கருதி வைப்பவரும் உண்டு. எந்த முடிவும் உணர்வின் முடிவே. தான் எதன் பொருட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தத் தேர்வுதான் ஓவியருக்குச் சொல்லுகிறது.

மூன்றாவது, விட்டுவைத்தல். தெளிந்த நீர்வண்ண முறையில் வெள்ளையைப் பூசுவதில்லை. தாளின் வெண்மையையே தொடாமல் காப்பாற்றி வைப்பார்கள். பெரியபாளையத்துக் கோடை மணலைத் தீட்டுவதற்கு வண்ணம் எதுவும் தேவையில்லை. கரையையும் புதரையும் நிழலையும் தீட்டிவிட்டு நடுவே தாளை விட்டால், அதுவே ஆறு. கைபழகாதவர் அந்த வெறுமையைப் பொறுக்கமாட்டாமல் எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். பலமுறை வரைந்து கெடுத்தபின்தான் விடுவதற்குக் கை கற்றுக்கொள்கிறது. நீரில்லாத ஆற்றின் மேல் ஒருவருக்கு இருக்கும் துயரம் முன்பே அவர் நெஞ்சில் இருந்திருக்கலாம். ஆனால் தூரிகையை நிறுத்திய அந்தக் கணத்தில்தான் அது பார்வையாளரும் காணக்கூடிய வடிவம் பெறுகிறது.

8. ஆலைகளின் நிலம்

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை பெரியபாளையத்தைச் சூழ்ந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகள், எண்ணூர்க் கழிமுகத்தைச் சூழ்ந்த அனல்மின் நிலையங்கள். புகைபோக்கி, சாம்பல் குளம், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை. இதை வரைய எவருக்கு மனம் வரும்? உணர்வுப் பிணைப்பு என்றாலே தென்னையும் ஓடையும் என்று பழகிய மனத்துக்கு இங்கே பிடிமானம் இல்லை.

இங்கிலாந்தின் எல். எஸ். லௌரி (1887–1976) இதற்கு வழிகாட்டுகிறார். வாடகை வசூலிக்கும் எழுத்தராக வேலை செய்துகொண்டே சால்ஃபோர்ட் பகுதியின் பஞ்சாலைகளை நெடுங்காலம் வரைந்தவர் அவர். 1909இல் பெண்டில்பரியில் குடியேறியபோது அந்த ஆலை நிலத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தே அது அவருடைய பொருளாயிற்று. கறுப்பு, செந்தூரம், நீலம், காவி, வெள்ளை என ஐந்தே வண்ணங்களில் அந்தப் புகைவானத்தைக் கட்டினார். பற்று முதலில் வந்து ஓவியம் பின்னால் வரவில்லை. வாடகை வசூலுக்காக நாள்தோறும் தெருத்தெருவாக நடந்த நடையும், இரவில் வரைந்த பழக்கமும் சேர்ந்து வெறுப்பை நெருக்கமாக்கின.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற கருத்து சிலப்பதிகாரத்திலேயே உண்டு. மருதமும் நெய்தலும் திரிந்தால் என்ன ஆகும் என்பது நம் காலத்தின் கேள்வி. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கு நடுவே நின்று கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' இசை வழியாக அதற்கு முகம் கொடுத்தது. ஓவியத்திலும் அந்த முகம் வர வேண்டும். வயலும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கும் இந்த வட்டாரத்தில், ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்பவர்களும் நாற்று நடுபவர்களும் ஒரே வானத்தின் கீழ் இருக்கிறார்கள். பழைய கருப்பொருள் பட்டியலில் இடம்பெறாத இவர்களை விட்டுவிட்டுத் தென்னையை மட்டும் வரைவது டேனியல்களின் பொன்னிறத்துக்குத் திரும்புவதாகும்.

9. முடிவு

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, நிலம் தானாக உணர்வைத் தருவதில்லை. ஒத்த நிலத்தில் வாழ்ந்தும் பழவேற்காட்டு டச்சுக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. இரண்டு, பிறப்புரிமையும் போதாது. ஆதிமூலத்துக்குத் தம் ஊர் நிலத்தைச் சென்றடைய நெடுங்காலக் கோட்டுப் பயிற்சி தேவைப்பட்டது, லௌரிக்கோ வேண்டாத ஊரே சொந்தமாயிற்று. மூன்று, பிணைப்பு உருவாவது திரும்பத் திரும்பப் பார்ப்பதிலும், தேர்வதிலும், விடுவதிலும். கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் அந்த வேலையின் பெயர்தான் இங்கே உணர்வு.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் கடமையும் பிறக்கிறது. இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஓவிய வகுப்பில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓடை, ஒரு குடிசை என்றே வரைகிறார்கள். அவர்கள் வீட்டருகே அந்த மலைகள் இல்லை. ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்துக்கொன்றாக, அவர்களை ஆரணியாற்றங்கரையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் போதும். ஆற்றை நேசி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் தாளை வெள்ளையாகவே விட்ட பிள்ளை, கார்த்திகையில் அதே இடத்துக்குக் காவி வண்ணத்தைக் குழைக்கும்போது, அந்த இரண்டு தாள்களுக்கும் இடையே என்ன நடந்தது என்று தானே கேட்கும்.